14. அசையாத எண்

ஒரு வாரமாகச் சங்கிலிப்பாண்டிக்குத் தரையில் கால் பாவவில்லை.

காரணம் மட்டாஞ்சேரியில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாத பாதிப் பேருக்கு அவரே சொல்லிவிட்டார். இடி விழுந்து, அவர் மோட்டார் பார்த்துக்கொள்ளும் ஐஸ் பிளான்ட்டின் கம்ப்யூட்டர் கருகிப்போனதையும், அதிலிருந்த புரோகிராமை இனி ஓட்ட முடியாது என்று வந்தவர்களெல்லாம் கைவிரித்ததையும், முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்ததையும் போன வாரம் பார்த்தோம். அந்தப் புரோகிராம் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் யாரோ ஒரு இன்ஜினியர் எழுதிக் கொடுத்தது. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி தன் மகன் வேண்டாமென்று ஒதுக்கிய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தார். அதிலிருந்த புது விண்டோஸ் அந்தப் பழசைத் திறந்து பார்க்கவே மறுத்துவிட்டது.

மறுத்ததை ஒத்துக்கொள்ள வைத்தவள் சங்கிலிப்பாண்டியின் மகள் சங்கரி. கலூரில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறாள். புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல ஏற்பாடு செய்து, அதற்குள் அந்தப் புரோகிராமை உட்கார வைத்தாள். மெஷினிலிருந்து வரும் பழைய காலத்து வயர் லேப்டாப்பில் சேராததால் நடுவில் ஒரு குட்டி வயரை வாங்கி மாட்டினாள். ஓடியது. முதலாளி எல்லோர் முன்னாலும், "பாண்டியோட மோள் மிடுக்கி" என்றார்.

மிடுக்கி என்றால் கெட்டிக்காரி. அந்த ஒரு வார்த்தையைச் சங்கிலிப்பாண்டி சாயாக்கடையில் சொன்னார். ரேஷன் கடை வரிசையில் சொன்னார். தோப்பும்படி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இறங்கும்வரை சொன்னார். "பல்லு வெளக்கும்போதாவது அதை விடுங்க" என்று அவர் மனைவி மூக்கம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இங்கே குஞ்சு நிஜமாகவே கெட்டிக்காரியாக இருந்துவிட்டதுதான் வினையாகிப்போனது.

ஐஸ் பிளான்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரியாமல் பயப்பட முடியாது.

அங்கே குழாய்களுக்குள் அம்மோனியா சுற்றிக்கொண்டிருக்கிறது. மோட்டார் அதை அழுத்துகிறது, மாடியிலிருந்து வரும் தண்ணீர் அதைக் குளிர வைக்கிறது. தண்ணீர் நின்றுபோனால் குழாய்க்குள் பிரஷர் ஏறும். ஏறிக்கொண்டே போனால் எங்காவது பிய்த்துக்கொண்டு வெளியே வரும். வந்தால் முதலில் கண்ணைப் பிடிக்கும், பிறகு தொண்டையை. மெஷின் ரூமுக்கு அடுத்து ஒரே ஒரு தகரத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் இறால் ஷெட். அங்கே மூக்கம்மாளும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து இறால் உரிக்கிறார்கள்.

பிரஷர் ஏறினால் மோட்டாரைத் தானாக நிறுத்த ஒரு ஸ்விட்ச் இருக்கத்தான் செய்தது. அது சும்மா சும்மா நிறுத்துகிறது, ஐஸ் கெட்டுப்போகிறது என்று மானேஜர் ராமன் எப்போதோ அதைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்த வேலையும் கம்ப்யூட்டரின் தலையில் விழுந்தது. பிரஷரை எண்ணாகக் காட்டுவதும் அதுதான், இருநூறு என்ற எல்லையைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்துவதும் அதுதான்.

அதுபோகக் குழாயின்மேல் வட்டமாக ஒரு மீட்டர் இருந்தது, உள்ளே ஒரு முள்ளோடு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சங்கிலிப்பாண்டி நம்பியது அந்த முள்ளை மட்டும்தான். கம்ப்யூட்டரை அவர் "டிவிப்பெட்டி" என்றுதான் சொல்வார். மகள் கைபட்ட பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது. இப்போது டிவிப்பெட்டி தெய்வம், முள் வெறும் முள்.

* * *

அன்று காலை மூக்கம்மாளின் போன் செத்துப்போயிருந்தது.

முந்தின நாள் முழுக்கச் சாத்தூர்க்காரர்களோடு பேசியதன் பலன். சங்கரிக்கு அங்கிருந்து ஒரு வரன் வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். பையனின் அம்மா மத்தியானம் வீடியோவில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். சங்கரி இதுவரை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடையில் கூட வேலை பார்க்கும் ஜிதினைப் பற்றி வீட்டில் மூச்சும் விடவில்லை. அந்தக் கதைக்கு வேறு வாரம் இருக்கிறது.

இறால் ஷெட்டில் பிளக் கிடையாது. மெஷின் ரூம் மூலையில், லேப்டாப் இருந்த மேஜைக்குப் பின்னால் ஒன்றே ஒன்று உண்டு. மூக்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு அங்கே போனாள். கணவர் அந்தக் கோடியில் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் பேசினாலும் கேட்காது. பிளக்கில் லேப்டாப்பின் வயர் இருந்தது. வயரின்மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

இதைக் கழற்றக் கூடாது என்று சங்கரிதான் எழுதி ஒட்டியிருந்தாள், மலையாளத்தில். பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் இங்கேதான். தமிழ் அவளுக்கு வீட்டில் பேசுகிற பாஷை. எழுது என்றால் கை தானாக மலையாளத்துக்குத்தான் போகும். அம்மாவோ தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மலையாள எழுத்து அவள் கண்ணுக்கு ஜாங்கிரி.

மூக்கம்மாள் வயரைப் பிடுங்கினாள். லேப்டாப் அணைகிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். அணையவில்லை. அணைந்திருந்தால் பதறிப்போய்த் திரும்பச் சொருகியிருப்பாள். அதுதான் எரிந்துகொண்டிருக்கிறதே என்று தன் போனைச் சொருகிவிட்டு இறாலுக்குத் திரும்பினாள்.

மகளின் கல்யாணத்துக்காகச் செய்தது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

* * *

மணிக்கு ஒருமுறை ஸ்கிரீனைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. சங்கிலிப்பாண்டி போட்டோ எடுக்க வந்தபோது ஸ்கிரீன் இருட்டாகக் கிடந்தது. மௌஸை அசைத்தார். வெளிச்சம் வந்தது. நூற்று எழுபத்துநாலு. எடுத்தார், அனுப்பினார். அடுத்த முறையும் இருட்டு, மௌஸ், நூற்று எழுபத்துநாலு. மனுஷனைப்போல இதுவும் கண்ணசந்து எழுந்திருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

அவரோடு வேலை பார்க்கும் இசக்கிதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவன் வந்து கையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, முள்ளு எரநூறத் தாண்டிட்டு."

சங்கிலிப்பாண்டி போய்ப் பார்த்தார். தாண்டித்தான் இருந்தது. விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினார். முள் ஒரு துள்ளு துள்ளி அதே இடத்துக்கு வந்தது. அவர் திரும்பி மேஜைக்கு வந்து ஸ்கிரீனைப் பார்த்தார்.

"நூத்தி எழுபத்துநாலு. முள்ளுக்கு வயசாயிருச்சுடா."

"மோட்டாரை ஒரு நிமிசம் அமத்திப் பாப்பமே."

"அமத்தினா ஐஸ் கூழாயிரும். மீன் போட்டுக்காரனுக்கு யாரு பதில் சொல்றது? இதை யாரு போட்டதுன்னு தெரியும்ல?"

"தெரியும்ணே. சொல்லியிருக்கீங்க."

அவ்வளவு சந்தேகமாக இருந்தால் மாடிக்குப் போய்த் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். இசக்கிதுரை ஏணியில் ஏறினான். சங்கிலிப்பாண்டி மூன்றாவது போட்டோவை எடுத்தார். எடுக்கும்போது முள்ளின் பக்கம் ஒரு தடவை கண் போனது. தான் சொன்னது சரிதானா என்று எட்டிப் பார்த்தார். அப்படிப் பார்த்ததில் போன் சாய்ந்து, போட்டோவும் கோணலாக விழுந்தது.

* * *

சங்கரி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள்.

முதல் போட்டோ நூற்று எழுபத்துநாலு. இரண்டாவதும் அதே. மூன்றாவதும் அதே. பரவாயில்லையே, ஆடாமல் நிற்கிறதே என்றுதான் முதலில் நினைத்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த ஜிதினுக்கும் காட்டினாள். காட்டும்போதே கை நின்றது.

பிரஷர் நிற்கிற சாதியே இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நாட்களில் அந்த எண் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. நூற்று எழுபத்தொன்று, எழுபத்தைந்து, எழுபத்துமூன்று என்று ஒரு வாய் சாயா குடிப்பதற்குள் நாலு தரம் மாறும். காலையிலிருந்து மத்தியானம்வரை ஒரே எண்ணில் நிற்குமா?

மூன்றாவது போட்டோவைப் பெரிதாக்கினாள். கோணலாக எடுத்ததால் ஸ்கிரீனின் கீழ்மூலையும் விழுந்திருந்தது. அங்கே பிளக் அடையாளம் இருக்க வேண்டும். அது இல்லை. பாட்டரிதான் இருந்தது, அதுவும் அடிமட்டத்தில்.

சங்கரி சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

என்ன நடந்தது என்று அவளுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும். கரன்ட்டில் ஓடும்போது தூங்காதே என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். பாட்டரியில் ஓடும்போதும் தூங்காதே என்று சொல்ல மறந்துவிட்டாள். அது தூங்கியபோது மெஷினிலிருந்து வரும் வயரின் தொடர்பும் அறுந்துபோயிருக்கிறது. எழுந்தபோது அது தானாக ஒட்டிக்கொள்ளவில்லை. பழைய புரோகிராமுக்கு அது தெரியவே தெரியாது. அதை எழுதிய காலத்தில் வயர் என்றால் வயர், நடுவில் காணாமல் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. கடைசியாக என்ன எண் வந்ததோ அதையே பிடித்துக்கொண்டு காட்டிக்கொண்டிருக்கும். நிஜப் பிரஷர் எவ்வளவு ஏறினாலும் மோட்டாரை நிறுத்தவும் அதனால் முடியாது.

அப்பாவுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மெஷின் ரூம் இரைச்சலில் அவருக்கு எப்போது கேட்டிருக்கிறது. அம்மாவுக்கு அடித்தாள். வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று மலையாளத்தில் ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது. திரும்ப அடித்தாள். திரும்பவும் அதே நிதானம்.

மானேஜர் ராமன் எடுத்தார்.

"சேட்டா, மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க. ஸ்கிரீன்ல உள்ளது பழைய எண்."

"எந்து பழைய எண்? போட்டோ நானும் கண்டல்லோ. நூத்தி எழுபத்துநாலு. நல்லதல்லே?"

அது நின்றுபோன எண் என்று அவள் மலையாளத்தில் சொன்னாள், தமிழில் சொன்னாள், கத்தியும் சொன்னாள். தான் சுள்ளிக்கல்லில் முதலாளியின் இன்னொரு பிளான்ட்டில் இருப்பதாகவும், அங்கே தலைக்குமேல் வேலை கிடப்பதாகவும், சங்கரி சும்மா பயப்படுவதாகவும் சொல்லிவிட்டு ராமன் வைத்துவிட்டார்.

ஜிதின் அதற்குள் ஸ்கூட்டர் சாவியை எடுத்திருந்தான். எதுவும் கேட்கவில்லை. அவளை ஏற்றிக்கொண்டு மத்தியான நெரிசலில் புகுந்தான். சங்கரி பின்னால் உட்கார்ந்து மாறி மாறி அடித்துக்கொண்டே வந்தாள். பாலத்தில் ஏறும்போது அம்மா எடுத்தாள்.

"சொல்லு தாயி. சாத்தூர்க்காரங்க இப்பத்தான் வச்சாங்க. அந்தம்மா பேசினா தேனா ஒழுகுது."

"அம்மா, கம்ப்யூட்டர் பிளக்கை யாராவது கழட்டினாங்களா?"

"நான்தான் கழட்டினேன். போன் செத்துப்போச்சு. போனை எடுக்கும்போது திருப்பி மாட்டணும்னு நெனச்சேன், அதுக்குள்ள அவங்க கூப்பிட்டாங்க" என்றாள் மூக்கம்மாள்.

"அதுல எழுதி ஒட்டியிருந்தேனேம்மா."

"என்னமோ மலையாளத்துல இருந்துச்சு. எனக்கென்ன தெரியும்?"

சங்கரி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தச் சொல் என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மா ஓடுவாள். ஓடுவது மெஷின் ரூமுக்குள். வெளியே ஓடு என்று சொன்னால் அம்மா தப்பித்துவிடுவாள். அப்பா உள்ளே முள்ளைப் பொய் என்று நினைத்துக்கொண்டு நிற்பார். எதைச் சொன்னாலும் ஒருவரை அங்கே விட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். பெற்ற இருவரில் ஒருவரைப் பொறுக்கு என்று அவளை யாரோ பாலத்தின் நடுவில் நிறுத்திக் கேட்டது போலிருந்தது.

"அம்மா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய ஓடு. கேஸ் வெடிக்கப்போகுது."

"அப்பா?"

சங்கரி ஜிதினின் தோளைத் தட்டி வேகமாகப் போகச் சொன்னாள்.

"சங்கரி, அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மோட்டாரை நிறுத்தணும். நீ போகாதம்மா. நீ வெளிய போ."

போன் துண்டிக்கப்பட்டது.

* * *

மூக்கம்மாள் வீரத்துக்குப் பேர் போனவள் இல்லை. கரப்பான் பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறுகிறவள்.

அவள் செய்தது இவ்வளவுதான். இறால் சட்டியை எடுத்துத் தகரத் தடுப்பில் ஓங்கி அடித்து, "கேஸு, ஓடுங்க" என்றாள். அந்த ஷெட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு சொல்லுக்குமேல் விளக்கம் தேவையில்லை. கத்தியையும் சட்டியையும் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். மூக்கம்மாள் துண்டைத் தண்ணீரில் முக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் போனாள். சாகப்போகிறோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. தோன்றிய பிறகும் போனாள்.

உள்ளே அப்போதே கண் எரிந்தது. சங்கிலிப்பாண்டி மீட்டருக்கு முன்னால் நின்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். முள் கடைசிக் கோட்டுக்குப் போயிருந்தது. அவர் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மூக்கம்மாள் அவர் காதோடு வாயை வைத்து, "மோட்டாரை அமத்துங்க. மக சொல்றா" என்றாள்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. மகள் சொன்னால் சரி. அந்தக் கோடியிலிருந்த மெயின் ஸ்விட்சுக்கு ஓடி அதை இழுத்துத் தள்ளினார். மோட்டார் முனகி நின்றது. அந்த அமைதியில்தான், தலைக்குமேல் எங்கோ பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது இருவருக்கும் தெரிந்தது.

இவ்வளவு நேரமும் மாடியில் குடைந்துகொண்டிருந்த இசக்கிதுரை, தண்ணீர்க் குழாயில் பாசி அடைத்திருக்கிறது என்று அங்கிருந்தே கத்தினான். அதைக் கேட்டு முடிக்க நேரமில்லை. குழாயின் இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டது. வெள்ளையாகப் புகை இறங்கியது. சங்கிலிப்பாண்டி ஓடிவந்து மனைவியைத் தகரத் தடுப்பிலிருந்த கதவு வழியாகத் தள்ளினார். அவள் ஷெட்டுப் பக்கம் போய் விழுந்தாள். திரும்பிப் பார்த்தபோது கதவு நிறைய வெள்ளையாக இருந்தது. அவர் இல்லை.

* * *

தெரு முனையிலேயே நாற்றம் மூக்கைக் குத்தியது. ஜிதின் ஸ்கூட்டரை நிறுத்தினான். சங்கரி இறங்கி ஓடினாள். இறால் ஷெட் பெண்கள் நனைந்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு சாக்கடை ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் அங்கே இருந்தாள். இருமிக்கொண்டு, முந்தானை அவிழ்ந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். சங்கரி அவளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தேடிய முகம் இல்லை.

இசக்கிதுரையும் மீன் ஏற்றுகிற இரண்டு பேரும் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூச்சு இருந்தது. கண் திறக்கவில்லை. யாரோ குழாயை இழுத்து அவர் கண்ணில் தண்ணீர் விட்டார்கள், விட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் உடம்பு துடித்தது. சங்கரி அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான், நான்தான் என்று அவளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. வெளியே யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் நுரையீரல் தப்பித்துவிட்டது என்றார் டாக்டர். கண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டிருக்கிறோம், பார்வையைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்றார். முதலாளி வந்து சங்கிலிப்பாண்டியிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, மனசு நிம்மதியானவர்போல அவசரமாகக் கிளம்பிப் போனார்.

மூக்கம்மாள் மகளை வராந்தாவின் மூலைக்குக் கூட்டிப்போனாள். தொண்டை புண்ணாகியிருந்தது. ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துத்தான் பேசினாள்.

"பிளக்கைப் பத்தி யாருகிட்டயும் வாயத் திறக்காத. நான் கழட்டினதும் வேண்டாம், நீ மறந்ததும் வேண்டாம். பழைய குழாய், விட்டுருச்சு. அவ்வளவுதான்."

"அப்பா கேட்டா?"

"அவர் கேக்க மாட்டார்."

போலீஸ், கோர்ட், சாத்தூர்க்காரர்கள் என்று அம்மாவின் கண்ணில் எல்லாம் வரிசையாக ஓடுவது சங்கரிக்குத் தெரிந்தது. அவளுக்கும் பயமாக இருந்தது. தலையாட்டினாள். அந்த நேரத்தில் தலையாட்டுவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

உள்ளே போனாள். சங்கிலிப்பாண்டி நெற்றி முதல் மூக்குவரை வெள்ளைத் துணி கட்டிப் படுத்திருந்தார். காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"வந்துட்டியா தாயி. பயந்துட்டியா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அவர் குரல் கரகரவென்று வந்தது. அதிலும் பெருமை குறையவில்லை.

"உன் கம்ப்யூட்டரை ஒருத்தனும் ஒரு சொல்லு சொல்ல விடல. கடைசி வரைக்கும் நூத்தி எழுபத்துநாலுதான் காட்டுச்சு. குழாய் பழசு, அதான் விட்டுருச்சு. முள்ளுதான் பொய். முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். என் மக போட்டது அச்சு மாறாம நின்னுச்சுன்னு."

அம்மா வாசலில் நின்றாள். அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"சுள்ளிக்கல் பிளான்ட்டுலயும் உன்னோடதத்தான் காப்பி எடுத்துப் போட்டுருக்காங்களாம். புது கம்ப்யூட்டர் வாங்கி, ராமன் இன்னிக்குக் காலையில போட்டாராம். உனக்குச் சொல்லலையா? அங்கயும் இதே பழைய முள்ளுதான். ஆளுங்க அதைப் பாத்துட்டு வீணாக் குழம்புவாங்க. அதனால முள்ளு மேலெல்லாம் பேப்பர் ஒட்டிரச் சொல்லிட்டேன். ஸ்கிரீனை மட்டும் பாத்தாப் போதும்னு. முதலாளி அதுக்குத்தான் போயிருக்கார்."

புதுக் கம்ப்யூட்டர். அவள் உள்ளே வைத்த பழைய கம்ப்யூட்டரை மட்டும் காப்பி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தூங்காதே என்று அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிளக்கைப் பிடுங்க அங்கே ஒரு மூக்கம்மாள்கூடத் தேவையில்லை. காலையிலிருந்து அது எத்தனை தரம் தூங்கி எழுந்ததோ. அங்கேயும் பக்கத்தில் இறால் ஷெட் இருக்கிறது. அங்கேயும் பெண்கள் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருப்பார்கள். இப்போது முள்ளும் அவர்களுக்கு இல்லை.

சங்கரி வாசலைப் பார்த்தாள். மூக்கம்மாள் வேண்டாம் என்று தலையசைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியத் தலையசைத்தாள்.

"அப்பா," என்றாள் சங்கரி. "முள்ளு பொய் சொல்லலப்பா. நான் போட்டதுதான் செத்துப்போச்சு. காலையிலேயே செத்துருச்சு. நீங்க பாத்ததெல்லாம் பழைய எண்ணு. சுள்ளிக்கல்லயும் அப்படித்தான் ஆகும்."

கட்டுப் போட்ட முகம் கூரையைப் பார்த்தபடியே இருந்தது. கையை உதறிவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். உதறவில்லை. அவள் கையையே ஊன்றுகோலாக அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். காலைக் கட்டிலுக்குக் கீழே விட்டு, தரையில் அங்கும் இங்கும் துழாவினார்.

"மூக்கம்மா, என் செருப்ப எடு."